ஆற்றுக்குப் போகும் வகுப்பு

கலகெதரவில் பெய்யும் மழை இரண்டு திசைகளில் கடலைத் தேடிப் போகிறது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் ஏ10 வீதியில், கண்டி மலைநாட்டின் மேற்கு விளிம்பில் அமைந்திருக்கிறது இவ்வூர். கணவாய்க்கு மேற்கே இறங்கும் நீர் வடமேல் மாகாணத்து ஆறுகளோடு கலந்து மேற்குக் கடலை அடைகிறது. கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக வடியும் நீர் மகாவலியில் விழுந்து, நாட்டைச் சுற்றி வளைந்து, திருகோணமலை மாவட்டத்தின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. பிள்ளைகள் இதனைப் புவியியல் பாடத்தில் படிக்கிறார்கள். மகாவலி 335 கிலோமீற்றர் நீளமானது, இலங்கையின் மிக நீண்ட ஆறு என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலானோருக்கு அந்த ஆற்றோடுள்ள உறவு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலால் எட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

வகுப்பு முழுவதும் ஆற்றுக்குப் போய், கனோ எனப்படும் சிறு தோணியை ஓட்டிப் பழகி, கரையில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கி வரலாமா என்று ஓர் ஆசிரியர் கேட்டால் உடனே இரண்டு பதில்கள் கிடைக்கும். பிள்ளைகள் "போவோம்" என்பார்கள். பெரியவர்கள் "எதற்கு வீண் வம்பு" என்பார்கள். இரண்டும் முழுமையான பதில்கள் அல்ல என்பது எமது எண்ணம். ஆற்றை அறியாமல் வளரும் பிள்ளைக்கு ஆறு என்றும் ஆபத்தாகவே இருக்கும். ஆகவே அழைத்துப் போகத்தான் வேண்டும். ஆனால் அப்பயணம் பத்திரமாக முடியுமா என்பது, பஸ் புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே, பாடசாலை மேசையில் தீர்மானமாகிவிடுகிறது. எவற்றைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

தடை போட்டால் போதுமா?

இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 800 பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். இவர்களுள் பெரும்பாலானோர் எங்களைப் போன்ற ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். பாடசாலை ஒழுங்கு செய்த சுற்றுலாவில் இறந்தவர்கள் இத்தொகையில் மிகச் சிறு பகுதியினரே. குளிக்கப் போனவர்கள், துணி துவைக்கப் போனவர்கள், ஆற்றைக் கடந்தவர்கள், விடுமுறை நாளில் நண்பர்களோடு ஒருவருக்கும் சொல்லாமல் நீர்வீழ்ச்சிக்குப் போன இளைஞர்கள் என்றே இப்பட்டியல் நீள்கிறது.

பாடசாலை ஆற்றுப் பயணத்தைத் தடை செய்யலாம். ஆனால் பிள்ளை ஆற்றுக்குப் போவதை எவராலும் தடை செய்ய முடியாது. பாடசாலையோடு போகாத பிள்ளை, பதினாறு பதினேழு வயதில் தானாகப் போகிறது. அப்பொழுது அதனிடம் அங்கியும் இல்லை, கயிறும் இல்லை, ஆற்றைப் பற்றிய அறிவும் இல்லை. நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகமும், சாரணர் முகாமும், பயிற்றுநரும் கிடைக்கின்றனர். தோட்டத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைப்பது "தண்ணிப் பக்கம் போகாதே" என்ற எச்சரிக்கை மட்டுமே. இது ஒரு நீதிப் பிரச்சினையுமாகும்.

முகாம் வாழ்க்கை எமது பகுதிக்குப் புதிதல்ல. இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் ஆரம்பமானது கொழும்பில் அல்ல. எமது அயல் மாவட்டமான மாத்தளையில்தான். ஆனால் அது தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், கிராமத்துப் பிள்ளைகள் அநேகருக்குக் கூடாரம் என்பது படத்தில் காணும் பொருளாகவே இருக்கிறது.

பிறருடைய துயரம் தரும் பாடங்கள்

மாணவர் நீரில் இறந்த சில நிகழ்ச்சிகளை நிதானமாகப் பார்ப்போம். குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது என்று அறிந்துகொள்வதே நோக்கம்.

2007 பெப்ரவரி 20ஆம் திகதி கேரளத்தில் தட்டேக்காடு என்னுமிடத்தில், பெரியாற்றில், பாடசாலைச் சுற்றுலா வந்த பிள்ளைகள் ஏறிய படகு மூழ்கியது. 15 மாணவரும் 3 ஆசிரியரும் இறந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். 2024 ஜனவரி 18ஆம் திகதி குஜராத்தின் வடோதரா நகரில் ஹரணி ஏரியில் நடந்ததும் இதையே ஒத்தது. 12 மாணவரும் 2 ஆசிரியரும் இறந்தனர். அங்கும் படகில் அளவுக்கு மேல் ஆட்கள். பலருக்கு உயிர்காப்பு அங்கி இல்லை. இரண்டு இடங்களுக்குமிடையே பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. பிழையோ ஒன்றாகவே இருந்தது.

2023 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து விளையாட்டுப் போட்டிக்குப் போன பாடசாலை மாணவியர் நால்வர், மாயனூரில் காவிரியில் இறங்கி மூழ்கினர். ஆறு அவர்களுடைய பயணத்தின் நோக்கமே அல்ல. போன வழியில் ஆறு இருந்தது, இறங்கினார்கள். பயணத் திட்டத்தில் எழுதப்படாத குளிப்பு மிகவும் ஆபத்தானது என்பதை இது காட்டுகிறது.

எமது நாட்டிலே 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து, பாடசாலைச் சிறுவர் உட்பட ஆறு பேர் அன்று உயிரிழந்தனர். அது சுற்றுலாவன்று. பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபடியால் பாடசாலைக்குப் போகப் பிள்ளைகளுக்கு வேறு வழியிருக்கவில்லை.

இங்கிலாந்தின் லைம் விரிகுடா நிகழ்ச்சி எமது விடயத்துக்கு மிக நெருக்கமானது. 1993 மார்ச் 22ஆம் திகதி, பிளிமத் நகரப் பாடசாலை மாணவர் எட்டுப் பேரும் ஓர் ஆசிரியரும், இரண்டு பயிற்றுநர்களோடு கயாக் எனப்படும் சிறு தோணிகளில் கடலில் இறங்கினர். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம் என்பதே திட்டம். அலையும் காற்றும் தோணிகளை நிரப்பிக் கவிழ்த்தன. பயிற்றுநர்களுக்குப் போதிய தகுதி இருக்கவில்லை. உதவி கேட்பதற்கான ஒளிக்குறிகள் இருக்கவில்லை. குறித்த நேரத்தில் திரும்பாதபோதும் கரையிலிருந்தவர்கள் உடனே அறிவிக்கவில்லை. நான்கு பிள்ளைகள் குளிர்ந்த நீரில் இறந்தனர். பயிற்சி நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளர் சிறை சென்றார். 1995இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இவ்வகை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. அவர்கள் மாணவரைக் கடலுக்கும் ஆற்றுக்கும் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. யார் அழைத்துப் போகலாம் என்பதையே வரையறுத்தனர்.

இந்நிகழ்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அநேகமானவற்றில் ஆறோ ஏரியோ கடலோ எதிர்பாராத எதையும் செய்துவிடவில்லை என்பது விளங்கும். எத்தனை பேர் ஏறுவது, யார் வழிநடத்துவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, திரும்பாவிட்டால் யார் யாருக்கு அறிவிப்பது என்பவை கரையில் எடுக்க வேண்டிய தீர்மானங்கள்.

மதகுகளுக்குக் கட்டுப்பட்ட ஆறு

எமது பாட்டன்மார் அறிந்த மகாவலி மழைக்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்தது. இன்றைய மகாவலி மழைக்கும் மதகுக்கும் கட்டுப்பட்டது. மேலே தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை (2012), அதன் கீழே கொத்மலை அணை (1985), கண்டிக்கு அருகே பொல்கொல்ல தடுப்பணை (1976), அதற்கும் கீழே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை (1985) என வரிசையாக அணைகள் இருக்கின்றன. பொல்கொல்லவில் ஆற்றின் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, அம்பன் கங்கை வழியாக வடமத்திய மாகாண வயல்களுக்குப் போகிறது.

ஆற்றுக்குப் போகும் வகுப்புக்கு இதனால் மூன்று விளைவுகள் உண்டு.

முதலாவது, பேராதனையில் வெயில் எறித்தாலும் ஆறு பெருகக்கூடும். தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் பெய்த மழை சில மணி நேரத்தின் பின்னரே கண்டியை அடைகிறது. வான்கதவுகள் திறக்கப்பட்டால் நீர்மட்டம் விரைவாக ஏறும். தெளிவாக இருந்த நீர் கலங்கத் தொடங்குவதும், இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவதும், கரைக் கல்லில் முன்பு தெரிந்த ஈரக்கோடு மறைவதும் அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேற வேண்டும்.

இரண்டாவது, எமது வீட்டு மின்விளக்குக்கும் ஆற்று நீர்மட்டத்துக்கும் தொடர்புண்டு. நாட்டின் மின்தேவை மாலை 6.30 மணி முதல் 10.30 மணி வரை உச்சத்தில் இருக்கிறது. அந்நேரத்தில் நீர்மின் நிலையங்கள் கூடுதலாக இயங்கும்போது, அவற்றின் கீழுள்ள ஆற்றில் நீர் கூடலாம். பகலில் உலர்ந்து கிடந்த மணல்திட்டில் கூடாரம் அடித்தவர், இரவில் நீருக்குள் விழித்தெழ நேரும். கித்துல்கலவில் களனி ஆற்றில் நடக்கும் படகோட்டமும் மேலேயுள்ள மின்நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்ததே.

மூன்றாவது, அணைக்கு மேலே தேங்கி நிற்கும் நீர் குளம் போல அமைதியாகத் தோன்றும். அந்த அமைதி ஏமாற்றக்கூடியது. கதவு திறந்தால் நீர் அப்பக்கமாக இழுக்கும். சிறு அணைக்கட்டின் மேலாக நீர் விழும் இடத்திலும், அடியில் நீர் சுழன்று சுழன்று விழுந்தவரை மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்கும். நல்ல நீச்சல்காரரும் அதிலிருந்து மீள்வது கடினம். எந்த அணைக்கும், கதவுக்கும், சுரங்க வாய்க்கும் அருகே தோணியைக் கொண்டு போகக்கூடாது.

ஆகவே, முதல் வேலை விசாரிப்பது. நாவலப்பிட்டியிலும் பேராதனையிலும் நீர்ப்பாசனத் திணைக்களம் மகாவலியின் மட்டத்தை அளக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைத்து எச்சரிக்கை உண்டா என்று கேட்கலாம். புறப்படும் காலையிலும், ஒவ்வொரு நாள் மாலையிலும் கேட்பதற்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும்.

காலமும் முக்கியமானது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேல்மலையில் விழுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம். ஆண்டின் தொடக்கத்தில் பெப்ரவரியை ஒட்டிய வாரங்களே ஓரளவு ஏற்றவை. அக்காலத்திலும் காலையில் தோணி, பகல் உணவுக்குப் பின் கரை என்பதே நல்ல ஒழுங்கு. இடி கேட்டால் நீரிலும் நிற்கக்கூடாது, தனிமரத்தின் கீழும் நிற்கக்கூடாது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டை எவ்வாறு சிதைத்தது என்பதை வாசகர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. அத்தகைய பெருவெள்ளத்தின் பின் ஆற்றின் கரையும் படுகையும் பழையபடி இருப்பதில்லை. மணல் புதிதாகக் குவிந்திருக்கும், மரங்கள் விழுந்து கிடக்கும், ஆழமில்லாத இடம் ஆழமாகியிருக்கும். "இந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும், பத்து வருடமாகக் குளிக்கிறேன்" என்பவருடைய சொல்லையும் புதிதாகச் சோதித்துப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

தோணிக்கு முன் நீச்சல்

நீந்தத் தெரியாத பிள்ளையைத் தோணியில் ஏற்றலாமா? அங்கி அணிந்து, அமைதியான ஆழமற்ற நீரில், தகுதியான பயிற்றுநரோடு ஏற்றலாம். ஆனால் நீரில் முகத்தை அமிழ்த்தவும், மல்லாந்து மிதக்கவும், சிறிது தூரம் கைகால் அடித்துக் கரை சேரவும் தெரிந்த பிள்ளை பதற்றப்படாது. ஆகவே பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன் இப்பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

"எங்களிடம் நீச்சல் தடாகம் இல்லையே" என்று கேட்கலாம். வங்காளதேசத்தின் கிராமங்களிலும் தடாகம் இல்லை. அங்கே ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, ஊர் இளைஞருக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு 4 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது மிகப் பெருமளவில் குறைந்திருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நீச்சல் கற்பித்தால் பிள்ளைகள் துணிந்து ஆழத்துக்குப் போய்விடுவார்கள் என்று அஞ்சும் பெற்றோருக்கு இது நல்ல பதில். மூங்கில் எம்மிடமும் உண்டு. கலகெதரவிலிருந்து குருநாகல் பக்கம் இறங்கினால் குளங்களும் உண்டு. இல்லாதது ஒழுங்கமைப்பு ஒன்றே.

உயிர்காப்பு அங்கியைப் பற்றியும் ஒரு சொல். பெரியவருடைய அங்கி சிறு பிள்ளைக்குப் பொருந்தாது. நீரில் விழுந்தால் தலைக்கு மேலால் கழன்று போகும். பட்டிகளை எல்லாம் பூட்டிய பின், இரு தோளிலும் அங்கியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை எழுந்தால் அளவு பெரிது. வெற்றுப் பிளாஸ்டிக் கான் அங்கிக்கு ஈடாகாது. தோணியின் அடியில் கிடக்கும் அங்கியும் அங்கியாகாது. பிள்ளைகளுக்கு மட்டும் மாட்டிவிட்டு ஆசிரியர் மாட்டாமல் இருப்பதும் கூடாது. அவருக்கு ஆபத்து வந்தால் பிள்ளைகளை யார் காப்பாற்றுவது?

இருவர் ஓட்டும் தோணி

கனோ என்பது மேலே திறந்த, ஒடுங்கிய, நீண்ட தோணி. வழக்கமாக இருவர் ஓட்டுவர். துடுப்புக்கு ஒரு பக்கம் மட்டுமே அலகு உண்டு. கயாக் மேலே மூடப்பட்டது. அதன் துடுப்புக்கு இரு பக்கமும் அலகு உண்டு. கனோவில் முன்னால் இருப்பவர் வேகத்தைக் கொடுக்கிறார். எதிரே கல் தெரிந்தால் சொல்கிறார். பின்னால் இருப்பவர் திசையைத் திருப்புகிறார். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒரே தாளத்தில் துடுப்பு வலிக்க வேண்டும். ஆளுக்கொரு தாளத்தில் வலித்தால் தோணி நின்ற இடத்திலேயே சுற்றும். எழுந்து நின்றால் கவிழும்.

இங்கேதான் கலகெதர போன்ற ஊருக்கு இப்பயணம் தரும் சிறப்பான பலன் இருக்கிறது. எமது பகுதியில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழ்கிறோம். பிள்ளைகளோ பெரும்பாலும் மொழிக்கொரு பாடசாலையில் படிக்கிறார்கள். இரு பாடசாலைகளின் பிள்ளைகளை ஒரு தோணியில் இருவராக அமர்த்தினால், இடம், வலம், நிறுத்து என்ற சொற்களை இரு மொழியிலும் முதலில் கற்றே ஆக வேண்டும். "வம" என்றால் இடம், "தகுண" என்றால் வலம் என்பதைத் தமிழ்ப் பிள்ளை அரை மணி நேரத்தில் கற்றுவிடும். சிங்களப் பிள்ளையும் அவ்வாறே. நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்கள் பலவற்றில் நாம் அமர்ந்திருக்கிறோம். ஒரே தோணியில் அமர்ந்தவர்களுக்கு அது பேச்சாக இராது, அவசியமாக இருக்கும்.

முதல் நாள் தேங்கிய நீரிலேயே பழக வேண்டும். ஓடும் ஆற்றின் வலு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கனமீற்றர் நீரின் நிறை ஆயிரம் கிலோகிராம். நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது எம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்காலளவு நீரே பெரியவரை வீழ்த்துவது இதனால்தான். ஆறு கற்களிடையே நுரைத்துப் பாயும் இடங்கள் புதிதாகப் பழகும் வகுப்புக்கு உரியவையல்ல.

கவிழ்ந்தால்

கவிழ்வது எவருக்கும் நேரலாம். ஆகவே அதனை முதல் நாளே, பாதுகாப்பான இடத்தில், வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும். பிள்ளைகள் மனத்தில் பதிக்க வேண்டியவை இவை:

கவிழ்ந்த தோணி மிதக்கும், அதனைப் பிடித்துக்கொள். ஓடும் நீரில் தோணிக்கும் கல்லுக்கும் இடையே அகப்படாதபடி, நீர் வரும் பக்கமாக நில்.

தோணியை விட்டுவிட்டால் மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, பாதங்களை மேலே வைத்துக்கொண்டு மித. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதே. கல்லிடுக்கில் கால் சிக்கினால் நீர் உன்னை முன்னே சாய்த்து அமிழ்த்திவிடும்.

விழுந்த மரத்துக்கும் நீரில் சாய்ந்த மூங்கிற் புதருக்கும் விலகிப் போ. அவை நீரை வடிகட்டி விட்டு, மனிதரைத் தடுத்து வைத்துக்கொள்ளும்.

மற்றவர் மூழ்குவதைக் கண்டால் சத்தமிடு, கம்பை நீட்டு, கயிற்றை எறி, மிதக்கும் பொருளைப் போடு. நீ இறங்காதே.

இக்கடைசி விதியைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். தம்பி மூழ்கும்போது அண்ணன் கரையில் நிற்க மாட்டான். ஒருவர் பின் ஒருவராக மூவரும் நால்வரும் இறப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே கையில் கயிறு இருக்க வேண்டும். அதை எறிந்து பழகியிருக்கவும் வேண்டும். தைத்த பைக்குள் பதினைந்து மீற்றர் மிதக்கும் கயிற்றை அடைத்து, ஒரு நுனியைக் கையில் பிடித்தபடி பையை எறியும் முறையைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்பார்கள்.

மீட்கப்பட்டவர் மூச்சுவிடாவிட்டால், எமது ஊர்களில் அவரைத் தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் வழக்கம். இவை பயனற்றவை, பொன்னான நிமிடங்களை வீணாக்குபவை. நீரில் மூழ்கியவருக்குக் குறைவாயிருப்பது காற்று. ஆகவே மல்லாந்து கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, முதலில் வாய்வழியாக மூச்சு ஊட்டி, பின் நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்க வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற ஒழுங்கில் உதவி வரும் வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். கண் விழித்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீரால் சில மணி நேரத்தின் பின்னும் மூச்சுத் திணறலாம். இம்முதலுதவியைப் பயிற்சி பெற்றவரிடம் செய்முறையாகப் பழகிய ஆசிரியர் இருவராவது இல்லாமல் எந்த வகுப்பும் ஆற்றுக்குப் போகக்கூடாது.

கூடாரமும் அடுப்பும்

முகாமுக்கு இடம் தெரிவு செய்யும்போது மேலும் கீழும் பார்க்க வேண்டும். கீழே, பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பையும் சருகும் மரங்களில் எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்த்து, அதற்கு மேலே கூடாரம் அடிக்க வேண்டும். மேலே, காய்ந்த கிளைகளும், வெட்டிய மண்சரிவும், வெடிப்பும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஆற்றங்கரைப் பாடசாலைக் கட்டடமொன்றில் தங்குவதும் முகாமே; கூடாரம் இல்லாமற் போனதால் எந்தக் குறையும் வராது.

நோய்களுள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது எலிக்காய்ச்சல். 2008இல் நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் சந்தேகிக்கப்பட்டது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலிலுள்ள காயத்தின் வழியே இதனைப் பரப்புகின்றன. காலில் புண்ணுள்ள பிள்ளை நீரில் இறங்கக்கூடாது. தடுப்பு மருந்து தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். திரும்பி வந்து மூன்று, நான்கு வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்டால், ஆற்றுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பெண்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது தீர்வாகாது. நீச்சலும் முதலுதவியும் அவர்களுக்கும் தேவை. ஆற்றில் துணி துவைப்பவர்களும் சிறு பிள்ளைகளைக் குளிப்பாட்டுபவர்களும் அவர்களே. பெண் ஆசிரியர்கள் உடன் செல்வதும், மறைவான மலசலகூடமும், உடை மாற்ற இடமும், மாதவிலக்குக் காலத்துக்குரிய ஏற்பாடும், அவர்கள் விரும்பும் உடையோடு நீரில் இறங்கும் உரிமையும் உறுதியானால் பெற்றோரின் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். சமையல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். பருப்பும் சோறும் சம்பலும் எந்தச் சமயத்துக்கும் விலக்கல்ல.

ஆறு கற்பிப்பது

இவ்வளவு சிரமப்பட்டுப் போவது துடுப்பு வலிக்க மட்டுமல்ல. வெள்ளைத் தட்டொன்றை நூலில் கட்டி நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தால் நீரின் கலங்கலை அளக்கலாம். மேல்மலையில் மண் கரையும் அளவு அதில் தெரியும். கண்டி ஏரியிலிருந்து வரும் மெத எல, நகரத்தின் கழிவையும் சுமந்து மகாவலியில் விழுவதையும், கொஹாகொடைக் குப்பைமேடு ஆற்றங்கரையிலே இருப்பதையும் பார்த்த பிள்ளை, தான் குடிக்கும் குழாய் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கும். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று, இதன் அடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது என்று சொன்னால், அபிவிருத்திக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியை எந்தப் புத்தகமும் இல்லாமலே விளக்கலாம்.

கையொப்பமிடு முன்

அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் பலர் வாசிக்காமலே கையொப்பமிடுகிறார்கள். வேறு சிலர் வாசிக்காமலே மறுக்கிறார்கள். இரண்டுக்கும் பதிலாக, பாடசாலைக்குப் போய்ப் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள் என்று வேண்டுகிறோம். அதிபர்மாரும் இவற்றுக்கு விடை எழுதிய பின்னரே வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பிப்பது நல்லது.

1. நீரில் பிள்ளைகளை வழிநடத்துபவர் யார்? அவருடைய தகுதி என்ன? ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான அங்கி உண்டா? அதைப் போட்டுப் பார்த்தார்களா?

3. தோணி எத்தனை பேருக்குரியது? கூடுதலாக ஒருவரை ஏற்ற முடியாது என்று சொல்ல அதிகாரமுள்ளவர் யார்?

4. மேலேயுள்ள அணைகளையும் வானிலையையும் பற்றி யார், எப்போது, யாரிடம் கேட்கிறார்?

5. எத்தனை மணிக்குக் கரையேறுவார்கள்? அந்நேரத்துக்கு வராவிட்டால் கரையில் இருப்பவர் யாருக்கு அறிவிப்பார்? அவரிடம் பெயர்ப்பட்டியல் உண்டா?

6. பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வொரு முறை கரையேறும்போதும் எண்ணுகிறார்களா?

7. மழை வந்தால் பயணத்தை நிறுத்தத் துணிவார்களா? பஸ்ஸுக்குக் கொடுத்த காசு போய்விடுமே என்று யோசிப்பார்களா?

ஏழாவது கேள்வி மிகவும் கடினமானது. ஏழைப் பாடசாலைக்கு அந்தப் பணம் பெரிது. ஆகவே தள்ளிப்போடுவதற்கான செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும். பழைய மாணவர் சங்கமும் ஊர்ச் சங்கங்களும் உதவக்கூடிய இடம் இதுவே.

இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைத்தால் பிள்ளையை அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் அனுப்பாதீர்கள்; ஆனால் விடை தேடுவதற்கு ஆசிரியருக்குத் துணை நில்லுங்கள். அடுத்த பெப்ரவரிக்குப் போக வேண்டுமானால், நீச்சற் பயிற்சியை நவம்பரில் தொடங்க வேண்டும்.